பெரம்பூர் வீட்டுத் தாய்ப்பத்திரத்துக்கு அலைஞ்ச அலைச்சல்

நேத்து சாயங்காலம்தான் நகல் கைக்கு வந்துச்சு. மூணு மாசம், ஆறு நாள் லீவு. இன்னும் ஆத்திரம் அடங்கல, சூட்டோட எழுதிடறேன், பழைய வீடு வெச்சிருக்கிறவங்க யாருக்காவது ஒரு நடையாவது மிச்சமாகட்டும்.

ஆயாவோட மாமனார் எம்.எஸ்.எம். ரயில்வேல (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) கிளார்க்கா இருந்தப்ப கட்டுன வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைங்கள நெருக்கமா அடுக்கி, அதுமேல மெல்லிசு செங்கல்ல மூலைவாட்டமா, நெட்டுக்குத்தா நிக்கவெச்சு சுண்ணாம்புல பூட்டியிருப்பாங்க, அதுக்கும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி கடுக்காய் வெல்லத்தண்ணி தெளிச்சு நாள்கணக்குல தட்டித் தட்டி இறுக்கி, கடைசியா தட்டையான ஓடு பதிச்சிருப்பாங்க. ஒரு கம்பி கிடையாது. திண்ணையும் முற்றமும் பழைய முறை, ஆனா மாடி கைப்பிடிச்சுவரு மட்டும் அந்தக் காலத்து புது ஃபேஷன்ல படிப்படியா ஏறும், ஜன்னல் கிரில்ல உதிக்கிற சூரியன். போன மழைல ஹால் கட்டை ஒண்ணு சுவத்துக்குள்ள போற முனையில உளுத்துப்போச்சு. ரிப்பேருக்கு லோன் கேட்டா பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரம், அதாவது சொத்த மொதல்ல வாங்குன மூலப்பத்திரம், வேணும்னாரு. சித்தப்பாவுக்கு பில்டர்கிட்ட குடுத்துடணும், "எந்த வருஷம் கட்டுனதுன்னே தெரியல, இத வெச்சிகினு என்னம்மா பண்ணப்போற"ன்னு கேட்டாரு. அது எனக்கு சுருக்குன்னு தெச்சிடுச்சு.

1975-லேர்ந்து வில்லங்கச் சான்று (சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்) ஆன்லைன்லயே வந்துடுச்சு. அதுக்கு முன்னாடிதான் பாடு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வீட்டு நம்பரும் தெருப்பேரும் எழுதி மனு போட்டேன், பணம் கட்டுனேன், மூணு வாரம் கழிச்சு "பதிவு இல்லை". ஏன் சார்னு கேட்டா, நிமிர்ந்துகூட பாக்காம, "1930ல இந்த ஆபீஸே கிடையாதும்மா, பழைய புக்கெல்லாம் தாய் ஆபீஸ்ல இருக்கும்"ங்கறாரு. இத மனு வாங்குன அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஆபீஸ் பிரியும்போது பழைய வால்யூமெல்லாம் எங்க நின்னுச்சுன்னு மொதல்ல கேட்டுக்குங்க, அப்புறம் பணம் கட்டுங்க.

அடுத்த ஆபீஸ்லயும் அதே "இல்லை". படில உக்காந்துட்டேன், அழுகையே வந்துடுச்சு. வெளிய பத்திரம் எழுதுற பெரியவர் ஒருத்தர் கூப்பிட்டு, "ஏம்மா, கதவு நம்பர வெச்சிகினா தேடுற? அது எத்தினி வாட்டி மாறியிருக்கும். ஆர்.எஸ். நம்பர் கொண்டா, கலெக்டர் சர்டிபிகேட் நம்பர் கொண்டா"ன்னாரு. ஆர்.எஸ்.னா மறு சர்வே நம்பர், இன்னொண்ணு அந்தக் காலத்துல மனைக்குக் கலெக்டர் குடுத்த சான்றிதழோட நம்பர். ரெண்டுமே எங்க பீரோவுல, தாத்தா காலத்து பாகப்பிரிவினைப் பத்திரத்துல, சொத்து விவரம் போட்ட கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. மூணு மாசமா பக்கத்துலயே இருந்திருக்கு. இன்டெக்ஸ்ல சொத்து வாரியா ஒண்ணு, பேரு வாரியா ஒண்ணு இருக்கும், பேரு வாரியாவும் பாக்கச் சொல்லுங்கன்னும் அவருதான் சொன்னாரு. பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல நாலு விதமா எழுதிக் குடுத்தேன், மூணாவது மாட்டுச்சு.

வந்தது ஒண்ணில்ல, ரெண்டு பத்திரம். 1931ல பிரஜோற்பத்தி வருஷம் வாங்குன கிரயத்துல "காலி மனை"ன்னு இருக்கு. 1936ல, தாது வருஷம், ஒரு அடமானம், அதே மனை, அதே ஆர்.எஸ். நம்பர், ஆனா "மெத்தை வீடும் கிணறும் தெருவாசல் நிலைக்கதவும் உட்பட"ன்னு எழுதியிருக்கு. மெத்தை வீடுன்னா மொட்டைமாடி வெச்ச வீடு. அப்போ வீடு நடுவுல அந்த அஞ்சு வருஷத்துல எழும்பியிருக்கு! இதுக்குன்னு தனியா பேப்பர் எதுவும் தேவைப்படல. உங்க வீட்டு வயசு தெரியலன்னா அடுத்தடுத்த பத்திரத்துல சொத்து விவரத்த பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க, அடமானப் பத்திரம் கிடைச்சா விடாதீங்க. நகல் ரெண்டு செட்டா வாங்கிடுங்க, பேங்க்ல குடுத்தது சீக்கிரம் திரும்பாது.

சென்னைல பாதுகாக்கவேண்டிய பாரம்பரியக் கட்டிடம்னு நீதிபதி பத்மநாபன் கமிட்டி போட்ட பட்டியல்ல 467 கட்டிடம் இருக்கு, எங்க வீடு அதுல இல்ல. இந்த மாதிரி வீட்டையெல்லாம் குடும்பம்தான் காப்பாத்தணும்.

இன்னொண்ணு. கட்டை உளுத்ததுக்குக் காரணம் மழை மட்டும் இல்ல. பத்து வருஷம் முன்னாடி ஒரு மேஸ்திரி பேச்சக் கேட்டு சுண்ணாம்புச் சுவரு மேல சிமெண்ட் பூசிட்டோம். சுண்ணாம்பு ஈரத்த வெளிய விடும், சிமெண்ட் விடாது, உள்ளயே நின்ன ஈரம் கட்டை முனையத் தின்னுடுச்சு. பழைய வீட்ல சிமெண்ட் சட்டிய எடுத்துட்டு வந்தாங்கன்னா வாசல்லயே நிறுத்துங்க.

ராத்திரி ஆயாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "கெணறு எழுதியிருக்கானா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க, சமையக்கட்டுக்குப் பின்னாடி மூடுன கிணறு அது. லோன் இன்னும் வரல, சித்தப்பாவும் சரின்னு சொல்லல. பின்கட்டுல சுண்ணாம்பு ஊறப்போட்டுட்டேன்.