பாதியில் நிற்கும் ஜெபம்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அம்மாவை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனதும் வெளியே உட்கார்ந்து 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கினேன். ஓய்வுநாள் பள்ளியில் யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டுச் சொன்ன ஜெபம். 'உம்முடைய சித்தம்', அதாவது உம்முடைய விருப்பப்படியே ஆகட்டும் என்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டது.

பிப்ரவரி 3

ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 5

சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் சாட்சி சொன்னார், தான் ஆண்டவரிடம் திரும்பி வந்த கதை: குடி, கடன், சாகப்போன ஓர் இரவு, அந்த இரவில் ஆண்டவர். சொல்லும்போதே அழுதார். நானும் அழுதேன்.

எனக்கு அப்படி ஓர் இரவு கிடையாது. கைக்குழந்தையில் ஞானஸ்நானம், வளர்ந்த பிறகு அந்த விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல், பாடகர் குழு, வாலிபர் கூட்டம். விட்டுப் போனதே இல்லை. எங்கிருந்து திரும்பி வர?

லூக்கா 15ஐ எடுத்தேன், சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்பின இளைய மகனின் கதை. இளையவனைப் பற்றித்தான் எத்தனை பிரசங்கம்! மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், வீட்டில் ஆடல்பாடல் சத்தம், உள்ளே போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்கிறான். 'இத்தனை வருஷகாலமாய்' என்று அவன் கணக்குச் சொல்கிற இடம் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் இளையவனுக்காக ஓடின அதே தகப்பன் இவனுக்காகவும் வெளியே வருகிறார். விருந்தை விட்டு எழுந்து வருகிறார். 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்.' வீட்டைவிட்டுப் போகாதவனையும் தேடித்தான் வர வேண்டியிருக்கிறது. அவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை.

பிப்ரவரி 8

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றி வாசித்தேன். குருவானவர் வீட்டுப் பிள்ளை. 1728இல் தானும் குருப்பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஜார்ஜியா வரை ஊழியத்துக்குப் போய் மனம் சோர்ந்து திரும்பினார். அதன் பிறகுதான், 1738 மே 24 மாலை, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், பவுலின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டு இருதயம் அனல்கொண்டது. ஏறக்குறைய எட்டே முக்கால் மணி என்று நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்து என் பாவங்களை, என்னுடைய பாவங்களையே, நீக்கினார் என்ற நிச்சயம்.

எனக்கும் அது வேண்டும். ஆனால் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு எந்த மணி? பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், அவர்களிடம் இருந்த விசுவாசம் இவனிடமும். பவுல் எழுதியது அவ்வளவுதான். வீட்டு வழியாய் வந்தது வீட்டுடையதாகவே இருந்துவிடுமோ? ராத்திரி முழுக்க இதே யோசனை.

பிப்ரவரி 9, ஞாயிறு

"ஜெபிச்சியா?"

"சித்தம்னு வர்ற இடத்துல நின்னுடுதும்மா."

"நின்னா என்ன. அங்கேயே நின்னு பேசு."

பிப்ரவரி 12

மூச்சுத்திணறல். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். யாரும் எனக்கு வசனம் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 13

88ஆம் சங்கீதம். கடைசி வரி வரை இருட்டுதான். இதையும் வேதத்தில் இருக்க விட்டிருக்கிறாரே!

பிப்ரவரி 15

விடியற்காலை. அம்மா தூங்குகிறாள். மாற்கு 14ஐ வாசித்துக்கொண்டிருந்தேன், பிடிபடுவதற்கு முன் இயேசு கெத்செமனேயில் ஜெபித்த இடம். 'இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்.' பாத்திரம் என்றால் வரப்போகிற பாடுகள். 'எங்கள் பிதாவே' ஜெபத்தை நமக்குக் கற்றுக்கொடுத்த இயேசுவே முதலில் இதைத்தான் கேட்டிருக்கிறார். சித்தம் என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மறுபடியும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று 39ஆம் வசனம். அவருக்கும் ஒரே தடவையில் முடியவில்லை.

பேசினேன். அம்மாவை எனக்குத் தாரும், இப்போது எடுத்துக்கொள்ளாதேயும், எனக்குப் பயமாயிருக்கிறது, உம்மேல் கோபமாயும் இருக்கிறது. மனப்பாடம் செய்த ஒரு வரிகூட அதில் இல்லை. நடுவில் அப்படியே நிறுத்திவிட்டேன்: கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை காலம் நான் இவரைப் பற்றிப் பாடியிருக்கிறேன். இவரோடு பேசினது இன்றைக்குத்தான். யோபு 42: 'என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது.'

சித்தம் வரைக்கும் வந்தேன். சொன்னேன். குரல் உடைந்துதான் சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருவிருந்து. குருவானவர் அப்பத்தை எடுத்து 'உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்' என்றதும் முழங்கால் நடுங்கியது. எனக்காக. பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பார்கள்.

பிப்ரவரி 17

மறுபடியும் பயம். மறுபடியும் அதே வார்த்தைகள்.

பிப்ரவரி 18

நாளை காலை ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்கா ராத்திரி பஸ்ஸில் வருகிறாள். அவள் சபைக்கு வருவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.