தைப்பொங்கலில் நின்றுபோன பெட்டி

இலங்கையின் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சி வைத்திருக்கும் மேசையின் கீழ்த்தட்டில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய கறுப்பு ரவுட்டர் ஒன்று இருக்கிறது. 110 மில்லிமீற்றர் நீளமும் 75 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட அந்தப் பெட்டியில் அன்ரெனாவும் இல்லை, வைஃபையும் இல்லை. வயர் செருகுவதற்கான ஐந்து துளைகள் மட்டுமே உள்ளன. அதைக் கண்ட முதல் நாளே அம்மா, "வைஃபையும் இல்லையெண்டால் இது பிறகென்னத்துக்கு மனே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்லும் நிலைக்கு நான் வருவதற்குள் வீட்டிலிருந்தவர்கள் மூன்று முறை இணையம் இல்லாமல் இருக்க நேர்ந்தது.

எங்கள் பக்கத்தில் விபிஎன் (பொது இணையத்தின் ஊடே பிறர் படிக்க முடியாதபடி போடும் தனிச் சுரங்கப்பாதை) என்ற சொல் பரவலாகப் பழகியது 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாட்களில்தான். அப்போது கைத்தொலைபேசியில் கிடைத்த இலவசச் செயலிகளை எல்லோரும் அவசரமாக இறக்கிக்கொண்டதால், விபிஎன் என்றால் தடையைத் தாண்டும் குறுக்குவழி என்றே பலர் இன்றும் எண்ணுகிறார்கள். நான் இங்கே எழுதுவது அதுவல்ல. கொழும்பில் வேலை செய்யும் நான், கல்லடி வீட்டின் கமெராப் பதிவுகளையும் பழைய கணினியில் கிடக்கும் குடும்பப் புகைப்படங்களையும், வீட்டு முன்னறையில் இருப்பவனைப் போலவே பார்க்க விரும்பினேன். வெளியார் எவரும் அவற்றைப் பார்க்கக்கூடாது என்பதும் என் விருப்பம். அந்த வாசலைக் காப்பதே இந்தச் சிறிய ரவுட்டரின் வேலை.

இதில் இருந்த முதல் தடை, எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் ஃபைபர் வராததுதான். வீட்டில் இருப்பது 4ஜி இணைப்பு. அதன் பெட்டிக்குக் கிடைக்கும் இணைய முகவரி 100 என்ற எண்ணில் தொடங்குவதைப் பார்த்ததுமே விடயம் புரிந்துவிட்டது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் தமது வலையமைப்புக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கென 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஒரே பொதுமுகவரியின் பின்னால் பல வீடுகள் நிற்பதால், வெளியிலிருந்து எவரும் நேராக வந்து எங்கள் கதவைத் தட்ட இயலாது. தட்ட முடிந்திருந்தாலும் கமெராப் பதிவுப் பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்து விட்டிருக்க மாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியதை மறக்க முடியாது.

ஆகவே சிங்கப்பூரில் பொதுமுகவரியுடைய சிறிய சேர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். வீட்டு ரவுட்டர் விபிஎன் வழியே உள்ளிருந்து அந்த சேர்வரை அழைக்கும். கொழும்பிலிருந்து என் கைத்தொலைபேசியும் அதையே அழைக்கும். நடுவில் நிற்கும் சேர்வர் இருவரையும் சேர்த்து வைக்கும்.

இதற்காக வாங்கியது, யுபிக்குவிட்டி நிறுவனத்தின் எட்ஜ்ரவுட்டர் எக்ஸ், பாவித்தது. 880 மெகாஹேர்ட்ஸில் ஓடும் இரு கருக்கள் கொண்ட மீடியாடெக் எம்டி7621 சில்லு, 256 மெகாபைற் நினைவகம், அதிகபட்சம் 5 வோற் மின்செலவு. நிறுவனத்தின் மென்பொருளை நீக்கிவிட்டு, ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன் டபிள்யூஆர்டியை ஏற்றினேன். வைஃபை இல்லாதது குறை என்று நான் நினைக்கவில்லை. வைஃபைப் பெட்டி காலத்துக்குக் காலம் மாறும், 4ஜி பெட்டியை நிறுவனம் நினைத்தபோது மாற்றித் தரும், ஆனால் வாசலைக் காக்கும் பெட்டி மட்டும் என் கையில், என் அமைப்புடன், அப்படியே இருக்க வேண்டும்.

சில்லின் வலு குறைவு என்பது உண்மை. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஏஇஎஸ் குறியாக்கத்தை விரைந்து செய்வதற்காகப் பெரிய கணினிச் சில்லுகளில் இருக்கும் தனிக் கட்டளைகள் இதன் கருக்களில் இல்லை. அதனால் ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருள் இதில் மூச்சு வாங்கும். நான் தெரிந்தெடுத்த வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் பயன்படுத்தும் சாசா20 குறியாக்க முறைக்கு அத்தகைய உதவி தேவைப்படுவதில்லை, சாதாரணக் கூட்டலும் சுழற்றலும் போதும். அத்துடன் வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 உடன் அந்த இயங்குதளத்தின் மையநிரலுக்குள்ளேயே (கேர்னல்) சேர்க்கப்பட்டுவிட்டதால், ஒவ்வொரு தரவுப் பொதியும் மையநிரலுக்கும் வெளிநிரலுக்கும் இடையே போய் வரும் வீண் அலைச்சலும் மிச்சம். எங்கள் 4ஜி தரும் வேகம் முழுவதையும் இந்தப் பெட்டி தாங்குகிறது, அதற்கு மேல் எனக்குத் தேவையும் இல்லை.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன். சுரங்கப்பாதை ஒன்று அமைத்தாயிற்று, அப்படியானால் வீட்டு இணையம் முழுவதையும் அதன் வழியே அனுப்பினால் என்ன என்ற பேராசையில், எல்லா முகவரிகளையும் சுரங்கத்துக்கே திருப்பிவிட்டேன். சில மாதங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ஊரெங்கும் பரவிய 12 வோல்ற் சிறிய யூபிஎஸ் ஒன்று ரவுட்டரைத் தாங்கிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம் என்பதை அப்போது நான் உணரவில்லை. அதன் பற்றரி நலிந்து, தைக்குப் பிறகு கறன்ட் போனபோது ரவுட்டரும் சேர்ந்து அணைந்தது. கறன்ட் வந்தது, விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஆனால் வீட்டில் எவருக்கும் இணையம் இல்லை. அப்பா தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் பச்சையாத்தான் எரியுது மகன், ஆனா ஒண்டும் வேலை செய்யேல்ல" என்றார். கொழும்பில் இருந்தபடி நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான், சிங்கப்பூர் சேர்வரை மீள இயக்கினேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. குற்றவாளி சேர்வர்தான் என்று முடிவுகட்டினேன். இரண்டாவது முறையும் அதே கதை, அதே மருந்து. வாடகைக்குத் தந்த நிறுவனத்தை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அது அநியாயம்.

மூன்றாவது முறை கறன்ட் போனபோது நான் வீட்டில் இருந்தேன். சேர்வரைத் தொடாமல், மடிக்கணினியை வயரால் ரவுட்டருடன் இணைத்து உள்ளே பார்த்தேன். சுரங்கம் வெளியே பொதிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தது பூச்சியம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. வயர்கார்ட்டின் இயல்பு அது. தனக்கு ஒவ்வாத பொதிக்கு அது மறுமொழியே சொல்லாது, வேண்டாத விருந்தாளிக்குக் கதவைத் திறக்காமல் உள்ளே மூச்சுக்காட்டாமல் இருப்பவர்களைப் போல. இந்த மௌனம் திருடனிடமிருந்து நல்ல பாதுகாப்பு, வீட்டுக்காரனுக்குப் பெரிய தலையிடி. கடைசியில் துப்புத் தந்தது ரவுட்டர் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் ஓரத்தில் இருந்த திகதி. நாங்கள் மாசி நடுப்பகுதியில் இருந்தோம். பெட்டி தைப்பொங்கலுக்கு மறுநாளில் இருந்தது.

இந்த ரவுட்டரில் பற்றரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின் போனால் நேரமும் போய்விடும். மீண்டும் எழும்பும்போது ஓப்பன் டபிள்யூஆர்டி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவில் கடைசியாக மாற்றப்பட்ட கோப்பின் நேரத்தை எடுத்து அதையே தற்போதைய நேரமாக வைத்துக்கொள்கிறது. பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் எதையோ திருத்திச் சேமித்ததே கடைசி மாற்றம். வயர்கார்ட்டோ, பழைய பொதியை எவரும் பிரதிபண்ணி மீண்டும் அனுப்பி ஏமாற்றாமல் இருப்பதற்காக, இரு முனைகளும் இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரமுத்திரை ஒன்றை வைக்கிறது. மறுமுனை, தான் கடைசியாக ஏற்ற முத்திரையை நினைவில் வைத்திருந்து, அதற்குப் பிந்தியதை மட்டுமே ஏற்கும். நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை, பின்னோக்கிப் போகாமல் இருந்தால் போதும். எங்கள் பெட்டி ஒரு மாதம் பின்னோக்கிப் போயிருந்தது. சிங்கப்பூர் சேர்வரின் கண்ணில் அது பழைய பொதியை வைத்து விளையாடும் எதிரி. அந்த நினைவு சேர்வரின் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், சேர்வரை மீள இயக்கியதும் அது பழையதை மறந்து எங்களை ஏற்றுக்கொண்டது. நான் மருந்து என்று நம்பியதே என்னை வழிதவறச் செய்தது.

இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ரவுட்டரில் இருக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது; ஆனால் அந்தக் கேள்வியையும் நான் சுரங்கத்துக்குள்ளேதான் திருப்பிவிட்டிருந்தேன். நேரம் சரியானால்தான் சுரங்கம் திறக்கும், சுரங்கம் திறந்தால்தான் நேரம் சரியாகும். திறப்பை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றவனின் நிலை.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும்படி செய்தால் போதும் என்ற யோசனையும் வந்தது. அது பாதி மருந்துதான். அப்போதும் பெட்டி கடைசிக் கைகுலுக்கலுக்கு முந்திய நேரத்தில்தான் எழும்பும். காத்திருப்பு ஒரு மாதத்திலிருந்து ஒரு மணித்தியாலமாகக் குறையும், அவ்வளவே. சரியான தீர்வு பேராசையை விடுவதுதான் என்று பட்டது. சுரங்கத்துக்குள் போக வேண்டியது 10.77.0.0/24 என்ற எங்கள் உள்முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டும், மற்ற யாவும், நேரம் கேட்கும் பொதிகள் உட்பட, நேரே 4ஜி வழியே போகட்டும் என்று மாற்றினேன். சேர்வரின் பெயரை எழுதியிருந்த இடத்தில் அதன் எண் முகவரியையே எழுதிவிட்டேன். பெயரைத் தேடும் ஒரு படி குறைந்தால் தடக்குவதற்கான ஓர் இடமும் குறையும்.

வீட்டாருக்கும் இதில் இலாபம் உண்டு. எங்கள் டேட்டா பக்கேஜில் சில செயலிகளுக்கு வரம்பில்லை. சுரங்கத்துக்குள் போனால் அது எந்தச் செயலி என்பது நிறுவனத்துக்குத் தெரியாது, எல்லாம் பொதுக் கணக்கில் கழியும். மாதம் முடியுமுன் டேட்டா முடிந்ததற்கு அம்மாவின் நாடகங்களைக் காரணம் சொன்னவன் நான்.

மற்றவை சிறு விடயங்கள். 25 செக்கனுக்கு ஒருமுறை வெற்றுப் பொதி ஒன்று போகும்படி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் இடையில் பொதுமுகவரியைப் பங்கிடும் நிறுவனத்தின் கருவி எங்களை மறந்துவிடும். சுரங்கத்துக்குள் போகும் பொதியின் அளவு 1420 பைற்றைத் தாண்டக்கூடாது. கடற்கரைக்கு அண்மையில் உள்ள வீடு என்பதால் உப்புக்காற்றில் வயர் முனைகளில் பச்சை பிடிக்கிறது. வெறுமனே இருக்கும் துளைகளை மூடி வைத்திருக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனைகளைக் கழற்றிப் பார்ப்பதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாற்றிய அன்றே சோதித்தேன். காலை பத்து மணிக்கு அமைப்பைச் சேமித்து, சுரங்கம் பல மணித்தியாலம் ஓடிய பிறகு, மாலை நான்கு மணிக்கு மெயின் சுவிற்சை நிறுத்தினேன். யூபிஎஸ்ஸையும் கழற்றினேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டபோது பெட்டி எதிர்பார்த்தபடியே காலை பத்து மணி என்று சொல்லிக்கொண்டு எழும்பியது. 4ஜி பெட்டி கோபுரத்தைப் பிடிக்கும்வரை அப்படியே இருந்தது. பிறகு பதிவேட்டின் ஒரு வரி பத்து மணியிலும் அடுத்த வரி நான்கு மணி கடந்தும் இருந்தது, அதற்கடுத்துக் கைகுலுக்கல். சேர்வரை எவரும் தொடவில்லை. நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக மேலும் இரண்டு முறை நிறுத்திப் போட்டேன். மூன்றாவது முறை மெயின் சுவிற்சை நோக்கிப் போனபோது, இனி நாடகம் முடிந்த பிறகுதான் என்று அம்மா கட்டாயமாகச் சொல்லிவிட்டார். ஐந்தரை வரை காத்திருந்தேன்.