எட்டு மணிக்கு இறங்கி ஆறரைக்குள்ள ஏறணும்: எங்க முதல் மெடிட்டரேனியன் குரூஸ்

குரூஸ்ங்கற யோசனையே அம்மாவோட முட்டி வலியாலதான் வந்துச்சு. இத்தாலியும் ஸ்பெயினும் ஒரு தடவையாவது பாத்துடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு ஹோட்டல்னு பெட்டிய இழுத்துக்கிட்டு ரயில் ரயிலா ஏறி இறங்குறது அவங்களால ஆகாது. "நாம நகராம ரூமே ஊர் ஊரா நகந்து போச்சுன்னா நான் வரேன்டி"ன்னு அம்மா சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாங்க, இவர் அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்ப தொறந்து உக்காந்துட்டார்.

உக்காந்தவர் எந்திரிக்க மூணு மாசம் ஆச்சு. முதல் தடவை போறவங்க எல்லாரும் பண்ற தப்ப நாங்களும் பண்ணோம், கப்பல பாத்து மயங்குனோம். எத்தனை நீச்சல் குளம், எத்தனை ரெஸ்டாரன்ட், சறுக்கு மரம் இருக்கா, இப்படியே ஒரு மாசம் போச்சு. அப்புறம் மேப்ப பாத்து மயங்குனோம், ஒரே வாரத்துல ஆறு ஊரு! ரோம், ஃப்ளாரன்ஸ், நேப்பிள்ஸ்னு கோடு போட்டு காட்டுறான், பாக்க அவ்ளோ அழகா இருக்கு. மேப்ல இல்லாத ஒரு விஷயம் என்னன்னா அந்த ஊர்ல பாதி கடலோரத்துலயே இல்ல. ரோம்னு போட்டிருந்தா கப்பல் நிக்கிறது சிவிட்டாவெக்கியாங்கற ஊர்ல, அங்கருந்து ரோம் 70-80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸ்னா லிவோர்னோ இல்லாட்டி லா ஸ்பெஸியா, லிவோர்னோல இருந்தே 90 கிலோமீட்டர் பக்கம் வரும். வெனிஸ் இன்னும் மோசம், 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல் எதையும் அந்த ஊரோட பெரிய சதுக்கம் சான் மார்கோ முன்னாடி விடுறதில்ல, அதனால வெனிஸ்னு பெருசா எழுதி பக்கத்துல சின்னதா ரவென்னான்னு போட்டிருப்பாங்க. ரவென்னால இறங்கி வெனிஸ் போக பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல.

அதுக்கப்புறம்தான் எங்களுக்கு புத்தி வந்து ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போட்டோம். எத்தனை மணிக்கு கப்பல் நிக்குது, எத்தனை மணிக்குள்ள திரும்ப ஏறணும், துறைமுகத்துல இருந்து ஊருக்கு போக வர எவ்ளோ நேரம். இந்த கணக்கு போட்டதுமே ரெண்டு மூணு ரூட் தானா அடிபட்டுப் போச்சு. காலைல 8 மணிக்கு நின்னு சாயங்காலம் 4 மணிக்கே கிளம்பிடுற கப்பல்ல ரோம் பாக்கறதெல்லாம் ரோம் ஸ்டேஷன பாக்கறதுதான்.

மெடிட்டரேனியன்ல மேற்கா கிழக்கான்னு வீட்ல பெரிய விவாதம். இவருக்கு கிரீஸ் பக்கம் போகணும், சாந்தோரினி ஃபோட்டோவெல்லாம் காட்டி அம்மாவ கூட மடக்கிட்டார். நான் தோண்டிப் பாத்தா சாந்தோரினில பெரிய கப்பல் கரைக்கே வராது, நடுக்கடல்ல நின்னு சின்ன படகுல ஆளுங்கள இறக்கும், கரைக்கு வந்தப்புறம் மேல ஊருக்குப் போக ஒண்ணு கேபிள் கார் வரிசைல நிக்கணும், இல்ல 500 சொச்சம் படி ஏறணும், இல்ல கழுதை மேல உக்காரணும். அம்மா மூணாவதையும் கேட்டுட்டு "மாப்ள, நான் கப்பல்லயே இருந்துக்கறேன்"னாங்க. அதோட ஜூலை ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு ஒரு வடக்கு காத்து அடிக்கும், அது ஓவரா இருந்தா மிக்கோனோஸ் மாதிரி தீவுல கப்பல் நிக்காம அப்படியே போயிடும், காத்துக்காக ஒரு ஊர விட்டா அதுக்கு யாரும் பொறுப்பு இல்ல. நியாயமா சொல்லணும்னா கிழக்குப் பக்கம் நல்லதும் இருக்கு, மான்டெனெக்ரோல கோட்டோர் வளைகுடாக்குள்ள ரெண்டு பக்கமும் மலை நிக்க கப்பல் மெதுவா நுழையறது, குரோஷியால டுப்ரோவ்னிக் கோட்டை மதில் மேல நடக்கறது, துருக்கில குஷாடாசில இறங்கி கொஞ்ச தூரத்துல எபேசஸ்ங்கற பழைய ஊரோட இடிபாடு, இதெல்லாம் இன்னொரு தடவைக்குன்னு வெச்சுக்கிட்டோம்.

விசா விஷயத்துலயும் மேற்கு ஈஸி. நாங்க போன ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூணுமே ஷெங்கனுக்குள்ள, அதாவது ஒரே விசாவுல போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுங்க. குரோஷியா கூட 2023 ஜனவரில ஷெங்கன்ல சேந்துடுச்சு, ஆனா நடுவுல துருக்கியோ மான்டெனெக்ரோவோ துனிசியாவோ வந்தா நீங்க ஷெங்கன விட்டு வெளிய போய் மறுபடி உள்ள வர கணக்கு, அதனால ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியாதான் இருக்கணும், அந்த நாட்டுக்கு தனி விசா வேணுமான்னும் பாக்கணும். எந்த நாட்டுகிட்ட விசா கேக்கறதுன்னு எங்களுக்கு ஒரு குழப்பம், ஃப்ளைட் இறங்குறது பார்சிலோனா, ஆனா எண்ணிப் பாத்தா இத்தாலில நாலு நாள், ஸ்பெயின்ல மூணு. அதிக நாள் எங்கயோ அங்கதான் கேக்கணும்ங்கறது விதி, அதனால இறங்கினது ஸ்பெயின்ல, விசா இத்தாலிது. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், அது கட்டாயம்.

இன்னொரு விஷயம், மேற்குப் பக்க ரூட்ல சில கம்பெனி கப்பல்ல எந்த ஊர்லயும் ஏறலாம். அதே கப்பல், அதே ஏழு ராத்திரி வட்டம், நீங்க பார்சிலோனால ஏறுவீங்க, பக்கத்து ரூம்காரங்க மார்செய்ல ஏறுவாங்க, இன்னொருத்தர் ஜெனோவால. ஏறுற ஊரப் பொறுத்து விலையும் மாறுது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா தினமும் யாரோ ஒருத்தருக்கு அது முதல் நாள், அதனால பஃபேல தினமும் திருவிழாக் கூட்டம்.

ரூட் முடிவாகி, பணம் கட்டப்போற நேரத்துலதான் நான் இன்னொண்ண கண்டுபுடிச்சேன், இதுல எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு. கிழமை! நாங்க முதல்ல பாத்த கப்பல் ஞாயித்துக்கிழமை ரோம், திங்கக்கிழமை ஃப்ளாரன்ஸ். வாட்டிகன் மியூசியம் ஞாயிறு லீவு, மாசக் கடைசி ஞாயிறு மட்டும்தான் தொறப்பாங்க. ஃப்ளாரன்ஸ்ல உஃபிஸிங்கற ஓவிய மியூசியம் திங்கள் லீவு. ரெண்டையும் சரியா லீவு நாள்ல போய் பாக்கற மாதிரி ஒரு ரூட்ட நாங்க எவ்ளோ ஆசையா தேர்ந்தெடுத்திருந்தோம் பாருங்க. உடனே அத விட்டுட்டு சனிக்கிழமை பார்சிலோனால கிளம்புற வேற கப்பல புடிச்சோம். ஞாயிறு மார்செய், திங்கள் ஜெனோவா, செவ்வாய் லிவோர்னோ, புதன் சிவிட்டாவெக்கியா, வியாழன் நேப்பிள்ஸ், வெள்ளி முழுக்க கடல், சனி திரும்ப பார்சிலோனா. செப்டம்பர் கடைசி வாரம், வெயிலும் இல்ல குளிரும் இல்ல.

கேபின் பத்தி நெறைய பேர் பால்கனி பால்கனின்னு சொல்வாங்க. தினமும் ஊர்ல இறங்குற ரூட்ல பால்கனில உக்காற நேரமே கம்மி, நாங்க ஜன்னல் மட்டும் இருக்கற ரூம் எடுத்தோம். ஆனா எங்க இருக்கற ரூம்ங்கறதுல பிடிவாதமா இருந்தோம், கீழ் டெக், கப்பலோட நடுப்பகுதி, மேலயும் கீழயும் ரூம்களே இருக்கணும். டெக் பிளான் பாக்காம எடுத்தா தலைக்கு மேல பஃபே நாற்காலிய இழுக்கற சத்தம் காலைல அஞ்சு மணிக்கே கேக்கும். விலை கம்மின்னு "ரூம் நம்பர் அப்புறம் சொல்றோம்"னு ஒரு டைப் விப்பாங்க, வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க அதுல விழாதீங்க.

டிக்கெட் விலைய பாத்து சந்தோஷப்பட்டா அதுக்கு மேல நெறைய வரும். ஆளுக்கு தினமும் 10 யூரோவுக்கு மேல சர்வீஸ் சார்ஜ், தண்ணி பாட்டில் வரைக்கும் காசு, வைஃபை தனி. டிரிங்க்ஸ் பேக்கேஜ் ஒருத்தர் வாங்கினா அதே ரூம்ல இருக்கற பெரியவங்க எல்லாரும் வாங்கணும்ங்கற மாதிரி விதியெல்லாம் பல கப்பல்ல உண்டு. நாங்க எதையும் வாங்கல, ஒண்ணும் குறைஞ்சு போகல.

முந்தின நாளே பார்சிலோனா போயிட்டோம், இது மட்டும் யார் என்ன சொன்னாலும் செய்யுங்க. ஃப்ளைட் லேட்டுன்னா கப்பல் நிக்காது. ஏறின உடனே மஸ்டர் டிரில், லைஃப் ஜாக்கெட் எங்க, எந்த இடத்துல கூடணும்னு காட்டுவாங்க. சிலபேர் அலுத்துக்கிட்டாங்க, 2012 ஜனவரில ஜில்லியோ தீவுகிட்ட கோஸ்டா கான்கார்டியா பாறைல மோதி 32 பேர் போனாங்களே, அப்ப அன்னிக்கு சாயங்காலம் ஏறினவங்களுக்கு டிரில்லே நடந்திருக்கல. அத படிச்சதுல இருந்து நான் அலுத்துக்கறதில்ல.

முதல் ராத்திரியே பரீட்சை. பார்சிலோனாக்கும் மார்செய்க்கும் நடுவுல லயன் வளைகுடா, மிஸ்ட்ரால்னு ஒரு காத்து அங்க பேர் போனது. ராத்திரி பத்து மணிக்கு மேல் டெக்ல நின்னுட்டிருந்த எனக்கு தல சுத்திடுச்சு, ரூமுக்கு ஓடி வந்தா அம்மா அசந்து தூங்கறாங்க. காலைல கேட்டா "ஆடுச்சா? தொட்டில் மாதிரி இருந்துச்சுடி". நடு ரூமுக்கு காசு குடுத்தது அங்கயே வசூல்.

மார்செய்ல கப்பல் நிக்கிற இடம் பழைய துறைமுகத்துல இருந்து 7-8 கிலோமீட்டர், ஷட்டில் பஸ். அங்கருந்து மலை மேல நோத்ர்தாம் தெ லா கார்த் கோயிலுக்கு குட்டி ரயில் மாதிரி ஒரு வண்டி போகுது, அம்மாவுக்கு அதுவே போதும். ஜெனோவா மட்டும் நேர்மாறு, கப்பல விட்டு இறங்கி நடந்தா ஊரு. யாரும் பெருசா சொல்லாத ஊர், எனக்கு ரொம்ப புடிச்ச ஊர் அதுதான். கஸ்தெல்லெத்தோங்கற மேட்டுக்கு போக தெருவுக்குள்ளயே பப்ளிக் லிஃப்ட் இருக்கு, பஸ் மாதிரி ஜனங்க காய்கறிப் பையோட ஏறி இறங்குறாங்க, மேல போனா மொத்த ஊரோட கூரையும் துறைமுகமும் நம்ம கப்பலும் தெரியுது. அவசரமே இல்லாம ஒரு நாள் முழுக்க சுத்துனோம்.

மறுநாள் லிவோர்னோ. கணக்கு போட்டு வெச்சிருந்தும் இவர் கேக்கல, "ஃப்ளாரன்ஸ் இவ்ளோ பக்கத்துல வந்துட்டு பாக்காம போறதா?" அம்மா கப்பல்ல இருந்துட்டாங்க. துறைமுகத்துல நடக்க விடமாட்டாங்க, ஷட்டில்ல ஊருக்குள்ள போய், அங்கருந்து இன்னொரு பஸ் புடிச்சு ஸ்டேஷன், அப்புறம் ரயில் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல, ஃப்ளாரன்ஸ் போய் சேரும்போது 11 மணி. உஃபிஸி டிக்கெட் முன்னாடியே எடுத்திருந்ததால உள்ள போனோம், ரெண்டு மணி நேரத்துல என்ன பாத்தேன்னு கேட்டா நெறைய தலைங்கள பாத்தேன், நடுவுல போத்திச்செல்லி வரைஞ்ச ஓவியம். டுவோமோங்கற பெரிய சர்ச்ச வெளிய நின்னு அண்ணாந்து பாத்தோம், வரிசை சுத்தி வளைஞ்சு போச்சு. திரும்பற ரயில் 25 நிமிஷம் லேட். அந்த 25 நிமிஷமும் இவர் ஒரு வார்த்தை பேசல, நானும் கேக்கல. லிவோர்னோ ஸ்டேஷன்ல டாக்ஸிக்கு வரிசை, கப்பல்ல கால் வைக்கும்போது மணி 6.10, ஆறரைக்கு கதவு அடைப்பான். கப்பல்காரன் நடத்துற டூர்ல போனா அது லேட்டானாலும் காத்திருப்பாங்க, நாமளா போனா டாட்டாதான். அடுத்த தடவை லிவோர்னோ வந்தா நான் சாஞ்ச கோபுரம் இருக்கற பீசா ஊரோட நின்னுப்பேன், ரயில்ல இருபது நிமிஷம்தான்.

ரோம்ல கொஞ்சம் புத்திசாலித்தனமா போனோம். சிவிட்டாவெக்கியால இருந்து போற லோக்கல் ரயில் ரோமா சான் பியெத்ரோங்கற ஸ்டேஷன்ல நிக்கும், டெர்மினிங்கற பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டாம், டிக்கெட் சுமார் 5 யூரோ, இறங்கி கால் மணி நேரம் நடந்தா வாட்டிகன். ஞாயித்துக்கிழமைய தவிர்த்த பெருமையோட போய் நின்னா சதுக்கம் பூரா நாற்காலி, ஜனம், கொடி. புதன்கிழமை காலைல போப் மக்கள சந்திக்கற நாளாம், அது முடியற வரைக்கும் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்குள்ள விடமாட்டாங்க. கிழமை கண்டுபுடிச்ச மேதை நான், இது தெரியல! இவர் சிரிச்ச சிரிப்ப பாக்கணும், முந்தின நாள் ஃப்ளாரன்ஸுக்கு பதில் கிடைச்ச மாதிரி. ஆனா அம்மா கூட்டத்துல ஒரு ஓரமா நின்னு ரொம்ப தூரத்துல வெள்ளையா ஒரு உருவம் வண்டில சுத்தி வர்றத பாத்துட்டாங்க, இந்த ட்ரிப்ல அவங்க எல்லார்கிட்டயும் சொல்ற கதை இதுதான். மத்தியானம் மியூசியம், சிஸ்டைன் சேப்பல், கொலோசியம் பக்கம் போகவே இல்ல.

நேப்பிள்ஸ்ல பாம்பேய்க்கு அம்மாவுக்காக கப்பல் டூரே எடுத்தோம், விலை ஜாஸ்திதான். கி.பி. 79-ல வெசூவியஸ் மூடின ஊரு, தெருவெல்லாம் அதே பழைய கல்லு, முட்டி வலிக்காரங்களுக்கு அது எதிரி. அன்ஃபிதியாத்ரோங்கற பழைய வட்ட அரங்கத்துப் பக்க வாசல்ல இருந்து வீல்சேர் போற மாதிரி தனியா ஒரு பாதை போட்டிருக்காங்க, அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்களா மெதுவா போயிருப்போம்.

வெள்ளிக்கிழமை கடல்ல ஒண்ணுமே செய்யல. கடைசி சனி காலைல இறங்கி, பெட்டிகள ஒரு லக்கேஜ் கடைல போட்டுட்டு, ராத்திரி ஃப்ளைட்டுக்கு முன்னாடி சக்ராதா ஃபமிலியா சர்ச். 1882-ல ஆரம்பிச்ச கட்டடம். காலைல போனா ஜன்னல் கண்ணாடி வழியா நீலமும் பச்சையுமா வெளிச்சம் விழும், சாயங்காலம்னா செவப்பும் ஆரஞ்சும், நாங்க நாலு மணி டிக்கெட் எடுத்திருந்தோம். அம்மா ஒரு பெஞ்சுல உக்காந்தாங்க. அரை மணி, முக்கால் மணி ஆச்சு, தூணெல்லாம் செவந்துட்டே வருது, இவர் பழக்க தோஷத்துல வாட்ச பாத்து "அத்தை, கிளம்பலாமா"ன்னார். "இன்னிக்கு எத்தனை மணிக்கு ஏறணும் மாப்ள?"

ஒன்பதரைக்குன்னு சொன்னதும் அம்மா செருப்ப கழட்டி கால நீட்டிக்கிட்டாங்க.