மாஸ்டருக்குக் கிராஜுவிட்டி கொடுத்த கதை

குன்னூரில் அப்பா ஆரம்பித்த பேக்கரி எங்களுடையது. இன்னும் விறகு அடுப்பில்தான் வர்க்கி போடுகிறோம். 2024 பிப்ரவரி கடைசியில் எங்கள் வர்க்கி மாஸ்டர், "முட்டி வலி தாங்கல தம்பி, இனி அடுப்பு முன்னால நிக்க முடியாது" என்று விலகினார். போகும்போது, "கிராஜுவிட்டி ஏதாவது வருமா? எஸ்டேட்ல என் தம்பிக்குக் கொடுத்தாங்க" என்று கேட்டார். பல வருடம் வேலை செய்தவர் விலகும்போது முதலாளி மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடையைத்தான் கிராஜுவிட்டி என்கிறார்கள்.

"ஏழு பேர் இருக்கிற கடைக்கு அதெல்லாம் கிடையாதுண்ணே" என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போன விதம்தான் உறுத்தியது. மறுநாள் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன்.

இப்போது எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. "எப்போதாவது பத்துப் பேர் இருந்தார்களா?" என்றார். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஒரு கடை ஒருமுறை பத்துப் பேர் கணக்குக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் சட்டம் விடாதாம். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். வருகைப் பதிவேடு என்று ஒன்றும் இல்லை. ஆனால் 2006 தீபாவளி போனஸ் பட்டியல் அப்பா கையெழுத்தில் இருந்தது. பதினொரு பெயர். மூன்றாவது பெயர் மாஸ்டருடையது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு வராமல் இல்லை. அப்பா கையெழுத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

அடுத்தது கணக்கு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் கணக்கில் வரும்; வீட்டு வாடகைப் படி, போனஸ், ஓவர்டைம் எல்லாம் சேராது. நாங்கள் எங்கே பிரித்துக் கொடுத்தோம்? மாதம் 13,000 என்று ஒரே தொகைதான். அதனால் முழுத்தொகையும் கணக்கில் வந்தது. ஒரு நாளைக்கு 500, பதினைந்து நாளைக்கு 7,500. அவர் சேர்ந்தது 2002 ஜூலை. ஆக 21 வருடம், எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாம், எனவே 22. மொத்தம் 1,65,000 ரூபாய்.

எனக்கு வியர்த்தது. சீசனுக்கு மைதாவும் டால்டாவும் வாங்கிப்போடுகிற நேரம் அது. எங்கே குறைக்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். 2009 நவம்பரில் மண்சரிவு வந்தபோது கடை மூடிக் கிடந்ததே? கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் அடுப்பே எரியவில்லையே? வழக்கறிஞர் சிரித்தார். "கடை மூடினது அவர் தப்பா? தொழிலாளியின் தவறால் நின்றுபோகாத வேலை, தொடர்ச்சியான வேலைதான்."

சரி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய 40,000 முன்பணம் பாக்கி இருக்கிறதே, அதையாவது கழிக்கலாமா? அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ சேதம் பண்ணியதற்காகவோ, அடிதடி போன்ற காரியத்துக்காகவோ வேலையை விட்டு நீக்கினால்தான் பணிக்கொடையில் கைவைக்க முடியும். கடனைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கொடை என்று பெயர் இருப்பதால்தான் என்னைப் போன்ற முதலாளிகளுக்கு இது நம் கையிலிருந்து போடும் பிச்சை மாதிரி தோன்றுகிறதோ என்னவோ.

கெடு முப்பது நாள். தாண்டினால் வட்டி. தொழிலாளி விண்ணப்பம் கொடுக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டியது முதலாளி வேலை. நான் அவரிடம் ஐ படிவத்தில் விண்ணப்பம் வாங்கி, எல் படிவத்தில் தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுத்து, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் ஒரு நகல் சேர்த்தேன். மனைவியின் வளையலை அடகு வைத்து, மார்ச் 27-ஆம் தேதி காசோலை கொடுத்தேன். மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். "அந்த நாப்பதாயிரம்?" என்றார் அவரே. "மெதுவாக் குடுங்கண்ணே" என்றேன். மாதம் இரண்டாயிரம் என்று அவர்தான் முடிவு செய்தார்.

முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தாலே ஏறக்குறைய சரியாக வந்துவிடும். இப்போது அதைத்தான் செய்கிறேன். மீதி இருந்த எல்லோரிடமும் வாரிசு நியமனத்துக்கான எஃப் படிவம் வாங்கினேன். கல்யாணமான ஒரு பையன் நண்பன் பெயரை எழுதி வந்தான். குடும்பம் இருக்கும்போது வெளியாளை எழுத முடியாது என்று சொல்லி மாற்றவைத்தேன்.

இது பழைய சட்டத்தின் கதை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேருபவர்கள் பணிக்கொடை வாங்க மற்றவர்களைப் போல ஐந்து வருடம் வேலை செய்திருக்கத் தேவையில்லை, ஒரு வருடமே போதும். படிகள் பாதிச் சம்பளத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். சம்பளத்தைப் பிரித்துக் காட்டித் தப்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் விலகிய அந்த 2024 மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் மாஸ்டரையே கூப்பிட வேண்டியதாயிற்று. மாவு பிசையச் சொல்லித்தர மட்டும், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. வந்த அன்று காலையிலேயே புதுப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். "இது எதுக்கு தம்பி?" என்றார். "அப்பா எழுதாம விட்டதுண்ணே" என்றேன்.