வெளிறும் வைரமும்: யூ மரத்தில் ஒரு நெடுவில்

தச்சு பழகிய கைக்கு வில் வேலையில் முதலில் நெருடுவது வெளிறுதான், அதாவது பட்டையை ஒட்டியுள்ள வெளிர் மரம். கதவு நிலைக்கோ கட்டிலுக்கோ மரம் எடுத்தால் வெளிறைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள கெட்டி மரமான வைரத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். பூச்சி அரிக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும் என்று வெளிறுக்கு மரியாதையே கிடையாது. இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு எடுக்கும் யூ (yew) என்ற ஊசியிலை மரத்தில் நிலைமை வேறு. செம்பழுப்பு வைரத்தின் மேல் வெண்மையான வெளிறு ஒட்டியபடியே வர வேண்டும். அதைச் சீவி எறிந்தால் யூவைத் தேடிப் போனதற்கே பொருளில்லை.

வில்லை வளைக்கும்போது குறியைப் பார்த்திருக்கும் பக்கம் இழுபடுகிறது. அதை முதுகு என்பார்கள். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம், அதாவது வயிறு, நெரிபடுகிறது. யூவின் வெளிறு இழுப்பைத் தாங்கும். வைரம் நெரிப்பைத் தாங்கும். மற்ற மரங்களில் இரண்டு வகைக் கட்டையைப் பசை போட்டு ஒட்டிச் செய்கிற காரியத்தை இந்த மரம் தானே செய்து வைத்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நல்ல யூ கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் வளர்வது பெரும்பாலும் கணுவும் முறுக்குமாக இருக்கும். அதனால்தான் கட்டைகள் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளிலிருந்து கப்பலில் வந்தன. 1472-இல் நான்காம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்று, வணிகர்கள் இறக்கும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்றது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் இருந்தன. 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை நீளம்; இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. இன்று பொழுதுபோக்குக்கு எய்பவர்களுக்கு 40, 50 பவுண்டே அதிகம். கீழே வரும் அளவுகள் 28 அங்குலம் இழுக்கும் 50 பவுண்டு வில்லுக்கானவை.

மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவது நல்லது. 15 செ.மீ.க்குக் குறையாத விட்டம், 2 மீட்டர் நீளம். பட்டையின் கோடுகள் மரத்தைச் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும். அதைத் தொட வேண்டாம். ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும். ரம்பம் நேராகத்தான் போகும். நார் தன் வழியில் போகும். ஆப்பு நாரின் வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளந்த அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ தடிப்பாகப் பூசிவிட வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். ஒருநாள் தள்ளிப்போட்டாலும் முனையில் வெடிப்பு விழுந்து உள்ளே ஓடும்.

காயவைக்கும் காலத்தை ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். அதைவிடத் தராசு நம்பகமானது. நிழலில், காற்றோட்டத்தில் வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துக் கட்டையின் மேலேயே எழுதிவர வேண்டும். பல வாரங்கள் எடை அசையாமல் நின்றால் கட்டை அந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. ஈரப்பதம் பத்து விழுக்காட்டை ஒட்டி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஈரக் கட்டையில் செய்த வில் உடையாது. ஆனால் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும்.

இன்னொன்று. யூ நச்சு மரம். பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர இலை, விதை, பட்டை, மரம் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். தூள் பறக்கிற இடத்தில் சாப்பாட்டுத் தூக்கை வைக்கக் கூடாது.

முதல் வேலை முதுகு. வெளிறு தடிமனாக இருந்தால் 6, 7 மி.மீ.க்குக் குறைக்கலாம், முடிந்த வில்லில் மொத்தக் கனத்தில் (முதுகிலிருந்து வயிறு வரையுள்ள தடிமன்) மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இருபிடிக் கத்தியால் சீவும்போது ஆண்டு வளையத்தின் ஏற்ற இறக்கத்தோடு கத்தியும் ஏறி இறங்க வேண்டும். முதுகு மேடும் பள்ளமுமாக வந்தால் வரட்டும். சமதளமாக இழைக்கிற ஆசையை விட்டுவிட வேண்டும். வளையங்களைக் குறுக்கே வெட்டிய இடத்தில் நார் அறுந்திருக்கும். பாரம் ஏறும்போது சிலாம்பு அங்கேதான் கிளம்பும். கணுவைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாக மரம் விட்டு மேடாகவே வைக்க வேண்டும். மேரி ரோஸ் விற்களிலும் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

முனைக்கு முனை நூல் பிடித்து நடுக்கோடு போட்டு, நாண் மாட்டும் வெட்டான குதைக்குக் குதை 183 செ.மீ. வைத்துக்கொள்வோம். நடுவில் 32 மி.மீ. அகலம், நுனியில் 13 மி.மீ. முதல் சீவலில் நடுவில் 30 மி.மீ. கனம் இருக்கலாம். கனம் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்பது பிரிட்டனின் நெடுவில் போட்டி விதி. இந்த அளவு வரை கோடாரியும் முள் அரமும் வேகமாகவே கொண்டுபோய்விடும். இரண்டு மணி நேரத்தில் வில் வடிவம் வந்துவிடுவதால், பாதி வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் வேலை இனிமேல்தான்.

இரண்டு பாதிகளையும் ஒழுங்காக, ஒன்றுபோல வளைய வைக்கும் வேலைக்கு டில்லரிங் என்று பெயர். இங்கே ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. 20 மி.மீ. கனமுள்ள இடத்தில் அரை மி.மீ. சீவினால் விறைப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு போய்விடும். வில் நெடுக அப்படிச் சீவினால் 50 பவுண்டு 46 ஆகும். ஒரு ஸ்கிரேப்பர் (மரத்தை மெல்லிசாகச் சுரண்டும் தகடு) இழுப்புக்கும் ஒரு அரத் தேய்ப்புக்கும் இடையே நிற்கிற வித்தியாசம் இவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டத்தில் அரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது உத்தமம்.

சுவரில் பதித்த தாங்கியில் வில்லின் நடுவை வைத்து, முதலில் தொய்வான நீள நாண் கட்டி, கீழே கப்பி வழியாகக் கயிறு விட்டு, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று இழுக்க வேண்டும். தள்ளி நின்றால்தான் வளைவு கண்ணுக்குத் தெரியும். வில் உடைந்தாலும் துண்டு முகத்துக்கு வராது. கயிற்றில் தொங்கு தராசு மாட்டியிருக்கட்டும். எத்தனை அங்குலம் இழுத்தாலும் தராசு 50-ஐத் தொட்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும். 15 அங்குலத்திலேயே 50 வந்தால் அன்றைக்கு 15 தான். அதைத் தாண்டி இழுத்துப் பார்க்கிற ஆசையில் வயிறு நெரிந்து போகிறது.

மரம் எடுப்பது வயிற்றுப் பக்கத்தில் மட்டும். அதுவும் வளையாத இடத்தில் மட்டும். ஓர் இடம் அதிகமாக வளைந்தால் அங்கே பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, அதைத் தொடாமல் மற்ற இடங்களை அதன் அளவுக்கு இறக்க வேண்டும். கட்டை பிறவியிலேயே நெளிந்திருந்தால் கண் ஏமாறும். அதற்கு எளிய சாதனம் உண்டு: 15 செ.மீ. நீளச் சமதளக் கட்டையின் நடுவில் துளையிட்டு ஒரு பென்சில். வில் வளைந்திருக்கும்போது இதை வயிற்றின் மேல் வைத்து, அதிகம் வளைந்த இடத்தில் முனை தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பென்சிலை அமைத்து, நெடுக நகர்த்தினால் விறைப்பான இடங்களில் மட்டும் கோடு விழும். கோட்டை மட்டும் சீவினால் போதும்.

ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் 20, 30 முறை இழுத்து விட வேண்டும். சீவியது மரத்துக்கு உடனே தெரியாது. இழுக்காமல் அடுத்த சீவலுக்குப் போனால், இரண்டு சீவலின் விளைவும் சேர்ந்து வந்து வில் எதிர்பாராமல் மெலிந்து நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் வில்லைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வளைவு ஒழுங்கானதும் குட்டை நாணுக்கு மாறி, முதலில் மூன்று அங்குலம், பிறகு ஆறு அங்குலம் உயரத்துக்கு நாணேற்றலாம். பிடிக்கும் கை நடுவுக்குச் சற்றுக் கீழே வருவதால், கீழ்ப்பாதி மேல்பாதியைவிட ஒரு பொடி விறைப்பாக இருக்கட்டும். நாணுக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளி கீழே 3 முதல் 6 மி.மீ. குறைவாகத் தெரிந்தால் சரி. கடைசித் தேய்ப்பில் இரண்டு மூன்று பவுண்டு போகும் என்பதால் 53-இல் ஸ்கிரேப்பரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஓர் இடம் கீல் போல மடங்கிவிட்டால் போன மரத்தை ஒட்ட முடியாது. மற்ற இடங்களை அதோடு இறக்கி 40 பவுண்டு வில்லாக முடிப்பது ஒன்றே வழி. ஐம்பதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து அரைகுறையாக விட்ட வில் அந்த மடிப்பில்தான் போகும்.

நாணை அவிழ்த்த பின் வில் எவ்வளவு வளைந்து நிற்கிறது என்பது செய்நேர்த்திக்கு நேர்மையான அளவுகோல். ஓர் அங்குலம் வரை கவலையில்லை. இரண்டைத் தாண்டினால் ஈரம், அல்லது ஓரிடத்தில் குவிந்த பாரம், அல்லது நாணேற்றியே நெடுநேரம் விட்டது, மூன்றில் ஒன்று.

நுனிக்கு எருமைக் கொம்பில் குதை செய்வது இன்றைய வழக்கம். கொம்பின் உள்ளே கூம்பாகத் துளைத்து, வில் நுனியை அதே கூம்புக்குச் சீவி, இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். மேரி ரோஸ் விற்களில் கொம்பு மக்கிப்போய், அது பொருந்தியிருந்த இடம் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தது. மெருகுக்கு ஆளி விதை எண்ணெய் நான்கைந்து பூச்சு போதும். நாண் இன்று டாக்ரான் என்ற பாலியஸ்டர் நூலில் முறுக்குவது. ஆளி நார் அழகு, ஆனால் அறுந்தால் அம்பில்லாமல் விட்டது போல அதிர்ச்சி முழுவதும் வில்லுக்கே திரும்பும்.

முதல் நூறு அம்பு எய்ததும் நாணை அவிழ்த்து, இருட்டறையில் வயிற்றின் மேல் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கக் கோடு தெரிந்தால் நகத்தால் வருடினால் தட்டுப்படும். அங்கே வைரம் நெரிந்திருக்கிறது. அந்த இடத்தைத் தொடாமல், இருபுறமும் இரண்டிரண்டு ஸ்கிரேப்பர் இழுப்பு இழுத்துப் பாரத்தைப் பரப்பி, மறுபடி தாங்கியில் ஏற்ற வேண்டும்.