யாரைக் கேட்டு ஆம்புலன்ஸை அழைப்பது?

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருந்தேன். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் அந்த இல்லத்தில் ஆயாக்கள் பாசமாகத்தான் சோறூட்டினார்கள், அலுக்காமல் துணி மாற்றினார்கள். அப்படியிருந்தும் சிகிச்சை தாமதமாகிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் உணரும் ஆயாவுக்கு அவரை மருத்துவமனைக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் உள்ளவரோ கட்டிலருகே இல்லை.

எண்பதைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் பல நேரங்களில் காய்ச்சல் அடிக்காது, வலிக்கிறது என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். அரண்டு பேசுவார்கள், அல்லது பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தங்கியிருந்த ஒரு பாட்டி, காபி கொஞ்சம் பிந்தினாலும் வராந்தா வரை கேட்கக் குரல் கொடுப்பவர். ஒருநாள் காலை டம்ளரை வாங்கியவர், அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சிஸ்டர், பாட்டி இன்னைக்கு ஆளே சரியில்லை” என்று ஆயா ஓடி வந்தார். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை, ஆனால் பி.பி. வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது, மூச்சு வேகமாக இருந்தது.

மேலாளரிடம் உடனே சொன்னேன். அவர் மருத்துவரை அழைத்தார், எடுக்கவில்லை. வளைகுடாவில் இருந்த மகனை அழைத்தார், அவர் டூட்டியில் இருந்தார். “வயசாயிடுச்சுல்ல, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்” என்று முடிவானது. மகன் பேசிய பிறகு பாலக்காடா கோவையா என்ற கேள்வி எழுந்தது; பாட்டியின் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு முதலமைச்சர் திட்டத்தைச் சேர்ந்தது, இல்லம் இருப்பதோ கேரளத்தில். வண்டி கிளம்பும்போது இருட்டிவிட்டது. தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த வாரத்திலேயே பாட்டி இறந்துபோனார்.

பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஒன்றிரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது; ஆனால் கீழே விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தாலும், தைலம் தடவிப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் பார்ப்பதே பல இடங்களில் வழக்கம்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அநேகமாகத் தடுக்கக்கூடியது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நைட் டூட்டியில் ஒரே ஒருவரை வைத்துவிட்டு அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதல் அறிகுறி, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. நம்மவர்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. பஞ்சாயத்திலிருந்து வந்த பாலியேட்டிவ் (நோயின் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை) நர்ஸ் சேச்சிதான் எங்கள் ஆயாக்களின் கையைப் பிடித்து, குதிகாலிலும் வால் எலும்பிலும் சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்கப் பழக்கினார். 2008லேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். அதன் பயன் இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

மூத்தோரைக் கைவிடுபவருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. பணம் கட்டிச் சேர்த்த இல்லத்தில், போன் எடுப்பார் இல்லாமல் வீணாகும் ஒரு பகலுக்கு யார் பொறுப்பேற்பது? சேர்க்கைப் படிவத்திலேயே எந்த மருத்துவமனை, எந்த அட்டை, மகன் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்று கையெழுத்து வாங்கிவிட வேண்டும். டூட்டியில் இருப்பவர், ஆயாவே ஆனாலும், முதலில் 108ஐ அழைத்துவிட்டுப் பிறகு தகவல் சொல்லலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு நான் வேலை பார்த்த இல்லத்தில் இந்த நடைமுறை இருந்தது. தாத்தா ஒருவர் இரவில் அரண்டு பேசுகிறார் என்று ஆயா ஒருவர் தாமாகவே வண்டியை அழைத்தார். மருத்துவமனையில் மலச்சிக்கல்தான் காரணம் என்று எனிமா கொடுத்து விடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அன்று மேலாளர் ஆயாவிடம் கேட்டது, அழைத்த நேரமும் வண்டி வந்த நேரமும்தான். இரண்டையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.