பீடி, சிகரெட் தொடாதவர்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

சி.ஓ.பி.டி. என்பது மூச்சுக்குழாய்கள் அடைத்து, மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். புகை பிடிக்காதவர்களுக்கும் அது வரும். நிறையப் பேருக்கு வருகிறது, அதிலும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நிறையவே வருகிறது. சொன்னால் இன்னமும் பலர் நம்புவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்வது நுரையீரல் பரிசோதனை அறையில். வருகிறவர்களை ஊதச் சொல்லி, அளவெடுத்து, வரைபடத்தோடு டாக்டருக்கு அனுப்ப வேண்டும். பல்லடம், சூலூர், அவிநாசி என்று சுற்று வட்டாரத்து ஆட்கள்தான் அதிகம். கையில் கொண்டுவரும் சீட்டில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று ஒரு வரி இருக்கும். இத்தனை வருஷம் எதைச் சுவாசித்தார்கள் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அந்த 'இல்லை' விழுந்ததுமே சி.ஓ.பி.டி. என்ற யோசனையும் கழன்றுவிடுகிறது. அப்புறம் அலர்ஜி, சளிக்கட்டு, ரத்தம் கம்மி, வயசாயிடுச்சில்ல என்று ஒவ்வொரு பெயராக வைத்து, பாட்டில் பாட்டிலாக சிரப் குடித்து, எக்ஸ்ரே எடுத்து, அது நார்மல் என்று சந்தோஷப்பட்டு (ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம்), கிணற்றடியிலிருந்து வீடு வரை குடத்தோடு நடக்க முடியாமல் போன பிறகுதான் எங்கள் அறைக்கு வந்து சேர்கிறார்கள். "கண்ணு, நான் வெத்தலகூடப் போட்டதில்ல, எனக்கு எப்படி நொரையீரல் கெட்டுப்போகும்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு அந்த அவசரத்தில் முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை.

முதலில் அந்தப் பரிசோதனை. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயை வைத்து, நெஞ்சு முட்ட இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் பலம் கொண்ட மட்டும் ஊத வைப்போம். "ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இன்னும்" என்று ஆறு வினாடியாவது பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பேன். மொத்தம் வெளியே வந்த காற்றில் முதல் வினாடியில் வந்தது எவ்வளவு என்பதுதான் கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊத வைத்தும் அது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால், மருந்துக்கும் முழுசாகத் திறக்காத அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இருப்பவர்களுக்குத் திரையில் கோடு உச்சிக்கு ஏறி ஏறக்குறைய நேராக இறங்கும். அடைப்பு உள்ளவர்களுக்கு ஏறிய வேகத்தில் உள்வாங்கி, பள்ளமாகத் தொய்ந்து, கடைசி வரை தரையோடு இழுத்துக்கொண்டே போகும். வயதானால் இந்த விகிதம் எல்லாருக்குமே கொஞ்சம் குறையும், அதனால் டாக்டர் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் சந்தீப் சால்வியும் லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸும் 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகத்தில் சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் 25 முதல் 45 சதவீதம் பேர் வாழ்நாளில் புகை பிடித்ததே இல்லை என்பது அதில் அவர்கள் போட்ட மதிப்பீடு. 2018-இல் வந்த இந்திய மாநிலங்களின் நோய்ச்சுமை ஆய்வு, 2016-இல் நம் நாட்டில் சுமார் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாகக் கணக்கிட்டது. இதனால் நாம் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாளில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசு காரணம், புகையிலைக்கு 25.4 சதவீதம், வேலையிடத்துத் தூசி, புகைக்கு 16.5 சதவீதம். இந்தியாவில் புகையிலையைவிடக் காற்று மாசுதான் பெரிய காரணம் என்று அத்தனை தெளிவாக வந்த பிறகும் நம் சீட்டில் புகைப்பழக்கத்துக்கு மட்டும்தான் ஒரு கட்டம் இருக்கிறது.

சரி, அடுப்புக்கு வருவோம். விறகடுப்பா, அது அந்தக் காலம் என்கிறார்கள். 60 வயதில் என் முன்னால் உட்காரும் அம்மா பத்து வயதிலேயே அடுப்பு மூட்ட ஆரம்பித்திருப்பார். ஐப்பசி மழையில் நனைந்த சீமைக்கருவேல விறகு, காயாத தென்னை மட்டை, எதுவும் இல்லாத நாளில் வறட்டி. ஈர விறகு பற்றாது, ஊதாங்குழலை எடுத்துக் குனிந்து, கண்ணில் நீர் வடிய ஊத வேண்டும். ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்னாலும் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுக்கிறார் இல்லையா, அதை அந்தப் புகைக்கு நடுவிலிருந்துதான் இழுக்கிறார். என் அறையில் நான் இழுக்கச் சொல்கிற அதே ஆழமான மூச்சு. இடுப்பில் குழந்தை இருந்தால் அதுவும் கூடவே இழுக்கிறது. ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் காலையும் மாலையுமாக இது முப்பது நாற்பது வருஷம் நடந்திருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. மொத்தத்தில் 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது, சமையலறையில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களிடம் அது 3 சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் தமிழ்நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் சேர்த்து யோசித்தால் சின்னதாகத் தெரியாது. மெக்சிகோவில் விறகுப் புகையால் நோய்வாய்ப்பட்ட பெண்களின் நுரையீரலைப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். சிகரெட்காரர்களுக்குக் காற்றறைகள் பிய்ந்து ஓட்டையாவது அதிகம். இந்தப் பெண்களுக்கோ சின்ன மூச்சுக்குழாய்களில் தழும்பும் கரிப் படிவும் அதிகம். ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது அப்படியே ஒன்றில்லை.

தமிழக அரசு 2007-இல் இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது, 2016-இல் மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் திட்டம் வந்தது. இரண்டுமே பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் மாட்டுத் தீனிக்கும் பின்கட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டர் வாங்கக் காசில்லாத மாதத்தில் சோறும் அதில்தான். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கமும், இந்தியாவுக்கு வெளியே குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலுமாக 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, நம் பக்கம் போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு செய்தது. பாதிப் பேருக்கு கேஸ் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு, விறகில் சமைத்தவர்களின் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு எதிரே 24 ஆக இருந்தது. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிலர் இதைப் படித்துவிட்டு கேஸ் கொடுத்துப் பயனில்லை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 24-கூட, ஆண்டு சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5-ஐப் போல ஐந்து மடங்கு கிட்ட இருக்கிறது, அதோடு கர்ப்பம் தரித்த பிறகு கொடுக்க ஆரம்பித்து அதற்குள் எல்லாம் மாற வேண்டும் என்பது அவசரம். சீனாவில் சுவான்வெய் என்ற ஊரில் நிலக்கரி அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் பின்னாளில் சி.ஓ.பி.டி. ஆண்களிடம் 42 சதவீதமும் பெண்களிடம் 25 சதவீதமும் குறைவாக இருந்தது. அந்தப் பலன் சந்தேகமில்லாமல் தெரிய சுமார் பத்து வருஷம் ஆனது. நுரையீரல் கெடுவதும் மெதுவாகத்தான், கெடாமல் தப்பிப்பதும் மெதுவாகத்தான்.

கொசுவர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள், ரகத்தைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் கட்டிலுக்குக் கீழே வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், தயவுசெய்து.

அடுத்தது வேலை. இதில்தான் எங்கள் பக்கத்து ஆண்களும் பெண்களும் ஒன்றாக மாட்டுகிறார்கள். புகை பிடிக்காதவர்களுக்கு வரும் சி.ஓ.பி.டி.யில் சுமார் 31 சதவீதம் வேலையிடத்தால் வருவது என்று 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பஞ்சாலையில் பஞ்சை உதறிச் சிக்கெடுக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்களிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடிக்குமா? "ஆமா, அன்னிக்கு மட்டும் இறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்கும், மறுநாள் சரியாயிரும்" என்று உடனே பதில் வரும். பஞ்சுத் தூசி நோயின் அடையாளமே அதுதான். மறுநாள் சரியாவதால் யாரும் கண்டுகொள்வதில்லை, வருஷங்கள் போகப் போக அது வாரம் முழுக்க நீடித்து, பிறகு விடாமல் நின்றுவிடுகிறது. பதினாறு வயதில் மில்லுக்குப் போய், கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் திரும்பிய பெண்கள் நாற்பதில் இளைப்போடு வருகிறார்கள். "என்ன வேலை செய்றீங்க?" என்றால் "வீட்டு வேலைதான்" என்பார்கள். "அதுக்கு முன்னாடி?" என்று இன்னொரு தடவை கேட்டால்தான் மில் வெளியே வரும். கல் குவாரி, கிரஷர், செங்கல் சூளை, அரிசி ஆலை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். கல்தூசி இன்னும் மோசம், அது நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸையும் கூட்டிக்கொண்டு வரும்.

டி.பி. பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். ஆறு மாதம் மாத்திரை முடித்து, சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறோம். கிருமி போனது உண்மை, ஆனால் அது விட்டுப்போன தழும்பும் சுருங்கிய குழாய்களும் அங்கேயே இருக்கின்றன. ஐந்து வருஷம் கழித்து மூச்சு வாங்கினால், டி.பி. திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி அந்த மாத்திரையையே தேடுகிறவர்கள் உண்டு. சளிப் பரிசோதனை செய்து டி.பி. இல்லை என்று தெரிந்த பிறகு ஊதிப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்.

இதற்கெல்லாம் முன்னாடி, பிறப்பிலும் பால்யத்திலும் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்ந்து உச்சத்தைத் தொட்டு, பிறகு எல்லாருக்கும் மெல்ல இறங்கும். எடை குறைவாகப் பிறந்தவர்கள், குறைமாதக் குழந்தைகள், சின்ன வயதில் நிமோனியா வந்தவர்கள், சத்துக் குறைவோடு வளர்ந்தவர்கள், இவர்களில் பலர் அந்த உச்சத்தைத் தொடாமலே இறங்க ஆரம்பிக்கிறார்கள். சி.ஓ.பி.டி. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இளமையிலேயே குறைந்த நுரையீரல் திறனோடுதான் தொடங்கினார்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. சரியான மருந்து எடுக்காமல் விட்ட ஆஸ்துமாவும் பல வருஷத்தில் நிரந்தர அடைப்பில் போய் நிற்கலாம். ஆல்பா-1 என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பது, நுரையீரலின் அளவுக்கு மூச்சுக்குழாய்கள் சிறுத்து இருப்பது போன்ற பிறவிக் காரணங்களும் உண்டு. வீட்டில் கணவரோ மாமனாரோ பிடிக்கும் பீடியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சி.ஓ.பி.டி.க்கான கோல்டு என்ற உலக வழிகாட்டுதல் 2023-இல் இந்தக் காரணங்களை விறகுப் புகை மற்றும் காற்று மாசு, தொற்று, வளர்ச்சிக் குறை, ஆஸ்துமா, பிறவி என்று தனித்தனி வகையாகவே பிரித்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் இந்த நோய்க்கான பெரிய மருந்துச் சோதனைகள் பலவற்றில், தினம் ஒரு பாக்கெட் வீதம் குறைந்தது பத்து வருஷத்துக்குச் சமமாகப் புகைத்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அதாவது எங்கள் சூலூர் அம்மாவைப் போன்றவர்கள் அந்தச் சோதனைகளில் இடமே பெறவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. இவர்களுக்கென்று தனியாக மருந்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இருக்கிற மருந்து அதற்காக வீண் இல்லை. பம்பு (இன்ஹேலர்) அடித்தால் பழக்கமாகிவிடும் என்று பயப்படாதீர்கள், மாத்திரையைவிடக் குறைந்த மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. அடிக்கிற முறையை மட்டும் யாரிடமாவது ஒரு தடவை செய்து காட்டித் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் மருந்தைத் தொண்டையில்தான் அடிக்கிறார்கள். தினமும் முடிந்த அளவு நடப்பது, டாக்டரைக் கேட்டு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்வது, முடிந்தால் அடுப்பைக் கூரைக்கு வெளியே நகர்த்துவது, எல்லாமே உதவும்.

மூன்று மாதத்துக்கு மேல் இருமல், சளி, மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருஷம் விறகில் சமைத்தீர்கள், கல்யாணத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள், டி.பி. வந்ததா, சின்ன வயதில் இழுப்பு இருந்ததா. சொல்லிவிட்டு, ஊதிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு வரும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டாம். பல்செட் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் கழற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே பம்பு அடிப்பவர்கள் அன்றைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் மாரடைப்பு, கண் ஆபரேஷன், சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் ஊதுவதற்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். மூன்று தடவையாவது சரியாக ஊத வேண்டும், முதல் தடவையே வராது, யாருக்கும் வராது, பொறுமையாகத்தான் எடுப்போம்.